நந்தவனம் வளர்த்த நம்பிகள்

மனிதர் செய்யும் தொழில்கள் இருவகைப்படும். வயிற்றுக்கு உணவு தேடும் பொருட்டுச் செய்யும் தொழில் ஒன்று. உள்ளத்துக்கு அமைதி தேடும் பொருட்டுச் செய்யும் தொழில் மற்றொன்று. முன்னதனால் வீடு நிலைபெறும். பின்னதனால் மனம் நிலைபெறும். நாள்முழுதும் பொருளீட்டுவதில் உழன்றவனும், மாலையில் வீட்டின் புறக்கடைக்குச் சென்று, பூஞ்செடிகளுக்கு நீர் வார்த்து, சிறு குளத்தில் மிதக்கும் சருகுகளை அகற்றி, அங்கு மலர்ந்துள்ள அல்லியைச் சிறிது நேரம் நோக்கி நிற்பானாயின், அவன் களைப்பெல்லாம் நீங்கிப் புத்துணர்வு பெறுவான். இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையால் விளக்கிய பெரியார் ஒருவர், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ச் சென்னைக்கு மேற்கேயுள்ள பூவிருந்தவல்லியில் வாழ்ந்தார். அவரே திருக்கச்சி நம்பிகள்.

ஊரும் நீரும்

சென்னையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது பூவிருந்தவல்லி. மக்கள் அதனைப் பூந்தமல்லி என்று வழங்குவர். பூவைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊர் அது. அங்குள்ள வரதராசப் பெருமாள் கோயிலில் தாயாரின் திருப்பெயரும் புட்பவல்லி என்பதே.

தொண்டை நாட்டில் ஆண்டு முழுதும் நீரோடும் பேராறுகள் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றுக் கொணரும் மழைநீரைத் தேக்கி வைத்தே அந்நாட்டு மக்கள் பயிர் செய்து வந்தனர். ஆதலின் ஊர்தோறும் ஏரி வெட்டினர். கோயில்தோறும் குளம் தோண்டினர். மனைதோறும் கிணறு எடுத்தனர். பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி, 3,645 மில்லியன் கன அடி நீரைக் கொள்ளும் பெருமையுடையது. போரூர், அம்பத்தூர், ஆவடி ஆகிய ஊர்களிலும் ஏரிகள் உள்ளன. இவ்வாறு நீரைச் சேர்த்துப் பேணும் வழக்கம் ஊறியிருந்த நிலத்தில் நம்பிகள் தோன்றினார். அவர் உள்ளம் பூவையும் புனலையும் நாடியதில் வியப்பில்லை.

பிறப்பும் இளமையும்

நம்பிகள் 1009-ஆம் ஆண்டு, மாசித் திங்கள் மிருகசீரிட நாளில் பிறந்தார் என்பது வைணவ மரபு. தந்தையார் வீரராகவர்; தாயார் கமலை. வணிகர் குலத்தில் நான்கு ஆண்மக்களுள் இளையவராகத் தோன்றிய அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் கசேந்திரதாசர் என்பதாம். ஒரு பொய்கையில் தாமரை பறிக்க இறங்கி, முதலையின் வாய்ப்பட்டும், பறித்த மலரைத் திருமாலுக்குப் படைக்கவே விழைந்த யானையின் பெயர் கசேந்திரன். அவ்வியானையின் பெயரைத் தாங்கிய குழந்தை, பிற்காலத்தில் மலர்த் தொண்டையே வாழ்வாகக் கொண்டது பொருத்தமே.

மக்கள் வளர்ந்து உரிய பருவம் எய்தியதும், வீரராகவர் தம் செல்வத்தைப் பகிர்ந்து நால்வருக்கும் அளித்து, அதனை முதலாகக் கொண்டு பொருள் பெருக்குமாறு பணித்தார் என்பர். மூத்தவர் மூவரும் வாணிகம் செய்து முதலைப் பெருக்கினர். இளையவரோ தமக்குக் கிடைத்த செல்வத்தை அடியார்களை உபசரிப்பதிலும் இறைவனுக்குரிய பணிகளிலும் செலவிட்டார். நந்தவனம் அமைத்துப் பூஞ்செடிகளை வளர்ப்பதே அவருக்கு உவப்பான தொழிலாயிற்று.

கணக்குக் கேட்கும் நாள் வந்தது. மூவரும் பெருகிய பொருளைக் காட்டினர். இளையவரிடம் காட்டுதற்கு யாதொன்றும் இல்லை. தந்தையார் வெகுண்டார். வணிகக் குடியிற் பிறந்த மகன் முதலைச் செடிக்கும் கொடிக்கும் இறைத்துவிட்டானே என அவர் வருந்தியதிலும் நியாயம் உண்டு. ஒரு குடும்பத்தின் தலைவர் தம் மக்களின் எதிர்காலத்தை எண்ணிக் கவலையுறுவது இயல்பன்றோ? ஆயினும் மகனது உள்ளம் வேறொரு கணக்கை எழுதிக்கொண்டிருந்தது. இன்று பூத்து நாளை வாடும் மலருக்குச் செலவிட்டது வீணாகாது என்பது அவர் துணிபு. குடிப்பிறப்பு வகுத்த வழியில் நில்லாது, தம் மனம் பற்றிய வழியிலே அவர் நடந்தார். அதனால் தந்தையாரின் சினத்தையும் தாங்கினார்.

தோட்டமும் குளமும்

அக்காலத்தில் நந்தவனம் என்றால், கிணறும் குளமும் அதனோடு சேர்த்தே எண்ணப்படும். நீர்நிலை இல்லாத பூந்தோட்டம் கோடையில் ஒரு திங்களும் தாங்காது. ஆதலின் தோட்டம் வளர்ப்பவர் முதலில் நீரை வளர்க்கக் கற்றல் வேண்டும். அது பெருஞ்செல்வத்தால் மட்டும் ஆவதன்று. நாள்தோறும் கையும் காலும் சேறுபடச் செய்வதால் ஆவது.

சிறு குளம் ஒன்றை அமைக்கும் முறையைக் காண்போம். மண்ணைத் தோண்டியதும் நீரை நிரப்பிவிடலாகாது. மணற்பாங்கான நிலமாயின் நீர் முழுவதும் உறிஞ்சப்பட்டுவிடும். முதலில் களிமண்ணைக் கொணர்ந்து, நீர் தெளித்து, காலால் நன்கு மிதித்துக் குழைத்து, அடியிலும் பக்கங்களிலும் கனமாகப் பூசி இறுக்க வேண்டும். பின்னர்க் கரையைச் சரிவாக அமைத்து, இறங்குதற்குப் படிகள் இட வேண்டும். கிணற்றிலிருந்து ஏற்றத்தால் இறைத்த நீர் குளத்தில் விழுந்து, அங்கிருந்து சிறு வாய்க்கால் வழியே பாத்திகளுக்குப் பாயும். ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் மடையை மண்வெட்டியால் அடைத்து, அடுத்த பாத்தியின் மடையைத் திறக்க வேண்டும். நீர் மண்ணில் ஊறும்போது எழும் மணமும், வாடிய தளிர் சிறிது பொழுதில் நிமிரும் காட்சியும் இப்பணி செய்வார்க்கு உடனே கிடைக்கும் கூலியாகும்.

குளத்தைப் பேணுவதும் முடிவில்லாத பணியே. காற்று உதிர்க்கும் இலைகள் நீரில் விழுந்து அழுகும். அவற்றை நாள்தோறும் அகற்ற வேண்டும். வெயில் மிகுந்தால் பாசி படரும். அதனை வழித்தெடுக்க வேண்டும். கோடையில் நீர் வற்றிய காலத்தில் தூர் எடுக்க வேண்டும். அவ்வாறு எடுத்த வண்டல் வீணாவதில்லை. செடிகளின் வேரில் இட்டால் நல்ல உரமாகும். குளம் தன் அழுக்கையும் தோட்டத்திற்கு உணவாகத் தருகிறது. தோட்டமோ தன் நிழலால் குளத்து நீர் விரைவில் ஆவியாகாமற் காக்கிறது. இவ்வாறு ஒன்றுக்கொன்று உதவி வாழ்கின்றன.

குளத்தில் வாழும் உயிர்களும் தோட்டக்காரனுக்குத் துணைவர்களே. சிறு மீன்கள் கொசுப்புழுக்களை உண்டு நீரைத் தூய்மையாக வைக்கும். தவளைகள் செடிகளை நாடி வரும் பூச்சிகளைத் தின்னும். தட்டாரப் பூச்சிகள் நீர்மேல் வட்டமிட்டுப் பறந்து கொசுக்களைப் பிடிக்கும். தாமரையின் கிழங்கு சேற்றில் புதைந்திருக்கும். இலையோ நீரின்மேல் விரிந்து, தன்மேல் விழுந்த துளியை ஒட்டவொட்டாமல் முத்தாக உருட்டும். தாமரை காலைக் கதிரில் மலர்வது. அல்லி மாலை மங்கியபின் மலர்வது. ஆதலின் இரண்டும் உள்ள குளத்தில் பகலிலும் இரவிலும் பூவுக்குக் குறைவில்லை.

இப்பணிகளில் எதனையும் விரைந்து முடித்தல் இயலாது. நட்ட தாமரையை மறுநாளே பூக்கச் செய்யும் வல்லமை எந்த அரசனுக்கும் இல்லை. கலங்கிய நீரைத் தெளிவிக்க வேண்டுமாயின், அதனை அசைக்காமல் விட்டுவிடுவதே வழி. நீரோடு பழகியவன் பொறுமையைப் பழகுகிறான்; தன் மனமும் கலங்கிய வேளையில் அதனை எவ்வாறு தெளிய விடுவது என்பதையும் அறிந்துகொள்கிறான். நம்பிகளிடத்தில் பிற்காலத்தில் அறிஞர்கள் கண்டு வியந்த அமைதி, இத்தகைய தோட்டப் பணியில் விளைந்த கனி என்று கொள்வது தவறாகாது.

பூக்குடலையும் நெடுவழியும்

நம்பிகள் தம் தோட்டத்து மலர்களைத் தாமே பறித்துத் தொடுத்து, காஞ்சிபுரத்தில் எழுந்தருளியுள்ள வரதராசப் பெருமாளுக்குக் கொண்டு சென்றார். பூவிருந்தவல்லியிலிருந்து காஞ்சி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இவ்வழியை அவர் நாள்தோறும் நடந்தார் என்று மரபு கூறும். மல்லிகை, முல்லை, இருவாட்சி, செண்பகம், தாமரை, துளசி எனக் காலத்துக்கேற்ற மலரும் தழையும் அவர் குடலையை நிறைத்திருக்கும். மலர் வாடுமுன் சென்று சேர வேண்டும் என்ற கவலை ஒன்றே அவருக்கு இருந்தது.

திருமாலுக்கு மலர்த் தொண்டு செய்தவர் அவருக்கு முன்னும் இருந்தனர். வில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும், திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் அமைத்து மாலை தொடுத்தவர்களே. பூவிருந்தவல்லிக்கு மிக அண்மையிலுள்ள திருமழிசையும் ஆழ்வார் ஒருவர் பிறந்த ஊராகும். அப்பெரியோர் காட்டிய நெறியைத் தம் ஊரில் தொடர்ந்தவர் நம்பிகள்.

ஆலவட்டத் தொண்டு

காஞ்சியில் நம்பிகள் செய்துவந்த மற்றொரு பணி, பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுதல். ஆலவட்டம் என்பது பெரியதொரு விசிறி. காஞ்சிப் பெருமாள் வேள்வித் தீயினின்று தோன்றியவர் என்பது தல வரலாறு. அத்தீயின் வெம்மை தணிய விசிறுதல் வேண்டும் என்பது அடியாரின் அன்பு.

இத்தொண்டைப் பற்றி இனியதொரு கதை வழங்குகிறது. நம்பிகள் முதலில் திருவரங்கம் சென்று அரங்கனுக்கு விசிற விரும்பினார். காவிரி இருபுறமும் சூழ்ந்து குளிர்விப்பதால் தமக்கு விசிறி வேண்டா என்று அரங்கன் உரைத்தான். பின்னர்த் திருவேங்கடம் சென்றார். மலைக்காற்றும் அருவியும் உள்ளமையால் தமக்கும் வேண்டா என்று வேங்கடவன் உரைத்தான். வேள்வித் தீயிற் பிறந்த காஞ்சிப் பெருமாள் ஒருவரே அவர் தொண்டை ஏற்றுக்கொண்டார். விசிறும் வேளையில் பெருமாள் அவரோடு பேசுவார் என்றும், ஏனையோர்க்குக் கிட்டாத அப்பேறு அவருக்கு மட்டும் கிட்டியது என்றும் குருபரம்பரை நூல்கள் கூறும். ஆளவந்தார் என்னும் வைணவப் பேராசிரியர் நம்பிகளைத் தம் மாணவராக ஏற்றுப் பேரருளாளதாசர் என்னும் பெயரைச் சூட்டினார். பெருமாளைப் போற்றி வடமொழியில் எட்டுப் பாடல்கள் கொண்ட தேவராசாட்டகம் என்னும் நூலையும் நம்பிகள் இயற்றினார்.

சிறுவர் இராமாநுசர்

பூவிருந்தவல்லிக்கும் காஞ்சிக்கும் இடையே திருப்பெரும்பூதூர் உள்ளது. அவ்வூரில் 1017-ஆம் ஆண்டில் பிறந்தவர் இராமாநுசர். நாள்தோறும் பூவோடு தம் ஊர் வழியே செல்லும் பெரியவரைச் சிறுவர் இராமாநுசர் கண்டார். அவர் முகத்தில் திகழ்ந்த அமைதி சிறுவரின் நெஞ்சைக் கவர்ந்தது. ஒருநாள் மாலை அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்து உணவளித்து, அவர் பாதங்களை வருட முற்பட்டார். அந்தணச் சிறுவர் ஒருவர் வணிகக் குடியிற் பிறந்த தம் கால்களைத் தொடுவது தகாது என நம்பிகள் மறுத்தார். பாணர் குடியிற் பிறந்த ஆழ்வாரையும் உலகம் வணங்குகிறதே, பூணூல் மட்டும் ஒருவரை உயர்ந்தவராக்குமோ என்று சிறுவர் வினவினார். அச்சொற்களைக் கேட்ட நம்பிகள், இவர் சாமானியச் சிறுவர் அல்லர் என உணர்ந்தார். அன்று தொடங்கிய நட்பு இருவர் வாழ்நாளிலும் நிலைத்தது.

இராமாநுசர் வளர்ந்து, திருப்புட்குழியில் யாதவப்பிரகாசர் என்னும் ஆசிரியரிடம் வேதாந்தம் பயின்றார். ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் கருத்து வேறுபாடு தோன்றி முற்றியது. அதனால் இராமாநுசர் அப்பள்ளியை விட்டு நீங்கினார். கற்றவை பல இருந்தும் மனத்தில் அமைதியில்லை. அந்நிலையில் அவர் நாடியது வேறொரு பெரும் புலவரை அன்று; பூக்குடலை சுமக்கும் நம்பிகளையே நாடினார்.

நம்பிகள் அவருக்கு நூலொன்றைக் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை. ஒரு கிணற்றைக் காட்டினார். காஞ்சிக்கு வெளியே சாலைக்கிணறு என்னும் கிணறு உள்ளது. நாள்தோறும் அக்கிணற்றிலிருந்து ஒரு குடம் நீர் கொணர்ந்து பெருமாளின் திருமஞ்சனத்துக்கு அளிக்குமாறு அவர் இராமாநுசரைப் பணித்தார். கற்றோர் அவையில் வாதிட்டுப் புகழ்பெற வேண்டிய இளைஞர், குடத்தைத் தோளில் சுமந்து நடந்தார். இதில் நம்பிகளின் நுண்ணறிவு விளங்குகிறது. கலங்கிய மனத்திற்கு மேலும் சொற்களைக் கொடுப்பதால் பயனில்லை. கைக்கு ஓர் எளிய பணியைக் கொடுத்தால் மனம் தானே தெளியும். தோட்டத்திலும் குளத்தங்கரையிலும் தாம் அறிந்ததையே அவர் தம் இளைய நண்பருக்கும் மருந்தாகத் தந்தார். வேதாந்த நூல்களுக்கு உரைகண்ட பேராசிரியரின் தொண்டு வாழ்க்கை, ஒரு குடம் நீரோடு தொடங்கியது.

விருந்தும் வேற்றுமையும்

நம்பிகளையே தம் ஆசிரியராகக் கொள்ள இராமாநுசர் விரும்பினார். அவர் உண்டு எஞ்சிய உணவை உண்டால் தாம் தூய்மையடையலாம் என எண்ணி, ஒருநாள் அவரை விருந்துக்கு அழைத்தார். இராமாநுசரின் மனைவியார் தஞ்சமாம்பாள் உணவு சமைத்தார். நம்பிகளை எதிர்கொண்டழைக்க இராமாநுசர் ஒரு தெருவழியே செல்ல, நம்பிகள் வேறொரு தெருவழியே வந்து சேர்ந்தார். கோயிற்பணிக்கு நேரமாகிவிட்டமையால், அவர் விரைந்து உணவருந்தி விடைபெற்றார். அவர் சென்றதும், அந்தணர் அல்லாதார் உண்ட இடம் என்று கருதி, அம்மையார் அவ்விடத்தைத் தூய்மை செய்து, தாமும் நீராடி, கணவருக்கு வேறு உணவு சமைத்தார்.

திரும்பி வந்த இராமாநுசர் நிகழ்ந்ததை அறிந்து பெரிதும் வருந்தினார். எவருடைய உணவின் எச்சத்தை அவர் அமுதமாக எண்ணினாரோ, அது தீட்டென்று அவர் இல்லத்திலேயே ஒதுக்கப்பட்டது. அம்மையார் தாம் பிறந்து வளர்ந்த காலத்தின் வழக்கப்படி நடந்தார். ஆனால் அவ்வழக்கமே தவறானது என்பதை இராமாநுசர் அன்று தம் வீட்டு அடுக்களையிலேயே கண்டார். பிறப்பினால் உயர்வு தாழ்வு கருதுவதை அவர் பிற்காலத்தில் எதிர்த்து நின்றமைக்கு, இவ்விருந்து நாளின் துயரமும் ஒரு காரணமாகும்.

நம்பிகளோ இதனைப் பொருட்படுத்தியதாக எங்கும் செய்தி இல்லை. தாமரை இலைமேல் விழுந்த நீர் போல, புகழும் இகழும் அவர் மனத்தில் ஒட்டாது உருண்டோடின. உண்டபின் அவர் சென்றது தம் ஆலவட்டப் பணிக்கே.

ஆறு வார்த்தைகள்

இராமாநுசரின் உள்ளத்தில் சில ஐயங்கள் இருந்தன. அவற்றுக்கு விடையைப் பெருமாளிடமே கேட்டுத் தருமாறு அவர் நம்பிகளை வேண்டினார். பெருமாள் ஆறு வார்த்தைகளை அருளினார் என்றும், நம்பிகள் அவற்றை இராமாநுசருக்கு உரைத்தார் என்றும் வைணவர் போற்றுவர். பெரிய நம்பிகளை ஆசிரியராகப் பற்றுமாறு கூறியது அவற்றுள் ஒன்று.

இங்கும் நம்பிகளின் பெருந்தன்மையைக் காண்கிறோம். தம்மையே ஆசிரியராகக் கொள்ள விழைந்து நின்ற பெருமேதையைத் தம்மிடம் நிறுத்திக்கொள்ள அவர் விரும்பவில்லை. வேறொருவரிடம் மகிழ்ந்து அனுப்பினார். கிணற்றில் இறைத்த நீரைக் குளத்திலேயே தேக்கி வைத்தால் பாத்திகள் வாடும் என்பதைத் தோட்டக்காரர் அறிவார். பாய வேண்டிய இடத்துக்கு நீரைத் திருப்பிவிடுவதே அவர் தொழில். இராமாநுசர் திருவரங்கம் நோக்கிப் புறப்பட்டார். ஏரிக்கரையில் இராமர் கோயில் கொண்டுள்ள மதுராந்தகத்தில் பெரிய நம்பிகளைச் சந்தித்து, ஆங்கு ஒரு மகிழமரத்தின் நிழலில் உபதேசம் பெற்றார்.

திருமலையில் ஒரு குளம்

நம்பிகள் விதைத்த மலர்த் தொண்டின் விதை, நெடுந்தொலைவில் மற்றொரு தோட்டமாக வளர்ந்தது. திருவரங்கத்தில் இராமாநுசர் மாணவர்களுக்குத் திருவாய்மொழியின் பொருளை விரித்துரைத்து வந்தார். ஒருநாள் திருவேங்கட மலையில் மலர்த் தொண்டு செய்வதன் சிறப்பைக் கூறியபோது அவர் கண் கலங்கினார். குளிரும் தனிமையும் மிக்க அம்மலைக்குச் சென்று நந்தவனம் அமைக்க வல்லார் எவரேனும் உளரோ என்று வினவினார். அவையிலிருந்தோர் அனைவரும் வாளாவிருக்க, அனந்தாழ்வான் என்னும் மாணவர் எழுந்து தாம் செல்வதாக உரைத்தார்.

அனந்தாழ்வான் திருமலையில் தோட்டம் அமைத்து, அதற்கு இராமாநுசரின் பெயரைச் சூட்டினார். தோட்டத்துக்கு நீர் வேண்டி அவரே கடப்பாரையால் நிலத்தைத் தோண்ட, சூல்கொண்டிருந்த அவர் மனைவியார் மண்ணைக் கூடையிற் சுமந்து கொட்டினார். அப்போது சிறுவன் ஒருவன் வந்து அம்மையாருக்குத் துணைசெய்தான். தம் தொண்டில் பிறர் பங்குகொள்வதைப் பொறாத அனந்தாழ்வான் சினந்து கடப்பாரையை எறிய, அது சிறுவனின் மோவாயில் பட்டது. கோயிலிற் சென்று காண, வேங்கடவன் திருமேனியின் மோவாயில் குருதி கசிந்தது. சிறுவனாக வந்தவர் யார் என்பதை உணர்ந்த அடியார் கதறி, காயத்தின்மேல் பச்சைக் கற்பூரம் வைத்தார். இன்றும் வேங்கடவன் மோவாயில் கற்பூரம் சாத்தப்படுவது இதனாலேயே என்பர். அக்கடப்பாரை கோயில் வாயிலில் வைக்கப்பட்டுள்ளது. அக்குளமும் அனந்தாழ்வான் ஏரி என்னும் பெயரால் திருமலையில் இன்றும் உள்ளது.

இக்கதையில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. தொண்டின்மேல் கொண்ட காதல் அளவு கடந்து, இது என்னுடையது என்னும் செருக்காக மாறினால், அதுவே துன்பம் விளைக்கும். தோட்டமும் குளமும் நம் கையால் ஆனவையாயினும், அவை நமக்கு மட்டும் உரியவை அல்ல. பறவையும் வண்டும் மீனும் அயலவர் குழந்தையும் அவற்றில் பங்கு கொள்ள வரும்போது முகமலர்ந்து ஏற்பவனே அவற்றின் முழு இன்பத்தையும் நுகர்வான்.

முதுமை

ஆண்டுகள் சென்றன. நெடுவழி நடந்த நம்பிகளின் கால்கள் தளர்ந்தன. காஞ்சிக்குச் செல்ல இயலாமற்போன முதுமையில், பூவிருந்தவல்லியிலேயே பெருமாள் அவருக்குக் காட்சி தந்தார் என்பது அவ்வூர்க் கோயில் வரலாறு. வாழ்நாளெல்லாம் பூவை எடுத்துக்கொண்டு இறைவனை நாடி நடந்தவரைத் தேடி, இறைவனே பூந்தோட்டம் இருந்த ஊருக்கு வந்தான் என்று அடியார்கள் இதனைப் பாராட்டுவர். அவ்வரதராசப் பெருமாள் கோயிலில் நம்பிகளுக்குத் தனிச் சந்நிதி உண்டு. மாசித் திங்களில் அவருக்கு விழா எடுக்கப்பெறுகிறது.

தந்தையார் அளித்த முதலைப் பெருக்கிய மூத்தோர் மூவரின் பொருள் எங்கே சென்றதோ, எவரும் அறியார். செடிக்கும் கொடிக்கும் செலவிட்ட இளையவரின் பெயரோ ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் வாடாமல் மணக்கிறது. ஊதியம் என்பது கைக்கு வரும் காசு மட்டும் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நாம் கொள்ளத்தக்கது

பூவிருந்தவல்லியும், அம்பத்தூரும், ஆவடியும் இன்று தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் நிறைந்த பேரூர்களாகிவிட்டன. பல கிணறுகள் தூர்ந்தன. சிறு குளங்கள் பல மனைகளாயின. ஆயினும் மக்கள் நீரை முற்றும் மறந்துவிடவில்லை. ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரி தூய்மை செய்யப்பட்டு, கரையில் பூங்காவும் நடைபாதையும் அமைக்கப்பெற்றுள்ளது. மாலைப்பொழுதில் அங்கு வந்து காற்று வாங்கும் மக்களின் முகத்தைக் கண்டால், நீர்நிலை மனத்துக்குத் தரும் ஆறுதல் ஆயிரம் ஆண்டுகளில் சற்றும் குறையவில்லை என்பது விளங்கும்.

பெரிய தோட்டம் இல்லையே என்று மாணவர்கள் மனம் தளர வேண்டா. வீட்டின் பின்புறத்தில் வெயில் படும் ஓரிடம் போதும். அகன்ற மண்தொட்டி ஒன்றில் அடியிற் களிமண் இட்டு, நீர் நிரப்பி, ஓர் அல்லிக் கிழங்கை நட்டு, கொசுப்புழுக்கள் சேராதபடி சிறு மீன்கள் சிலவற்றை விடலாம். நாள்தோறும் பழுத்த இலையைக் கிள்ளியும், குறைந்த நீரை நிரப்பியும் கால்நாழிகை அதனோடு செலவிடலாம். தேர்வு நெருங்கும் காலத்தும், நண்பரோடு பிணங்கிய நாளிலும், மனம் காரணமின்றிச் சோர்ந்த வேளையிலும் அத்தொட்டியருகே சென்று அமர்ந்தால், கலங்கிய உள்ளம் சிறிது சிறிதாகத் தெளிவதைத் தாமே உணரலாம்.

பொருள் தரும் தொழிலை நாம் கைவிட வேண்டியதில்லை. அதனோடு உள்ளத்துக்கு இனிய சிறு தொழில் ஒன்றையும் கைக்கொள்ள வேண்டும். செய்யும் பணி சிறிதாயினும், அன்பும் பொறுமையும் கலந்து செய்தால் அது செய்பவனை உயர்த்தும். பிறப்பால் ஒருவரை அளக்காமல், அவர் பணியாலும் பண்பாலும் அளக்க வேண்டும். இவை மூன்றும் திருக்கச்சி நம்பிகளின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் உண்மைகள். பூவிருந்தவல்லி வழியே செல்லும்போதெல்லாம், பூக்குடலை தாங்கி அவ்வழி நடந்த அப்பெரியாரை நினைவோமாக. நம் வீட்டின் புறத்தேயும் ஒரு சிறு நீர்நிலையும் நான்கு பூஞ்செடிகளும் செழிக்கச் செய்வோமாக.